ஸ்ட்ரைக்கர் ஆகப்போகிற தம்பிமாருக்கு: முதல் நாலு வருடத்தை எப்படிக் கடப்பது

திருகோணமலை மத்திய வீதியில் சின்னதாக ஒரு விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். பூட்ஸ் விற்பேன், அடி கழன்ற பூட்ஸை ஒட்டித் தைத்தும் கொடுப்பேன். பின்னேரத்தில் பொடியன்களுக்கு உதைபந்தாட்டப் பயிற்சி. நானும் ஒரு காலத்தில் ஒன்பதாம் நம்பர், அதாவது கோல் அடிக்க முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கரின் ஜேர்சி, போட்டுக் கொழும்பில் சில பருவங்கள் ஆடியவன்தான். அதனால் கொழும்புக் கழகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்த பொடியன் முதலில் வந்து நிற்பது என் கடை வாசலில். கூடவே தாயோ மாமாவோ வருவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, இந்தக் கிளப் நல்லதா?"

நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "அங்க இப்ப ஒன்பதாம் நம்பர் ஆர்?"

அநேகமாகப் பதில் வராது. ஜேர்சியின் நிறம் தெரியும், அந்தக் கழகம் எத்தனை கிண்ணம் எடுத்தது என்று தெரியும். தன் இடத்தில் ஏற்கெனவே நிற்கிறவர் யார், அவருக்கு என்ன வயது, அவர் எப்போது விலகுவார் என்று யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். பதினேழிலிருந்து இருபத்தொரு வயது வரை ஒரு ஸ்ட்ரைக்கருக்கு எல்லாவற்றையும் விட முக்கியம் மைதானத்தில் ஆடுகிற நிமிடங்கள். இங்கே எழுதுகிற எல்லாமே அந்த நிமிடங்களை எப்படித் தேடுவது, எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றித்தான்.

ஏன் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன். 2013 மே மாதம், இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் லெஸ்டர் சிட்டி வாட்ஃபோர்டுடன், மேல் லீக்குக்கு ஏறுவதற்கான பிளே-ஓஃப் அரையிறுதி ஆடியது. லெஸ்டரின் மாற்று வீரர்கள் வாங்கில் இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் இருந்தார்கள். ஒருவர் டொட்டன்ஹாம் கழகத்திலிருந்து கடனாக, அதாவது கொஞ்சக் காலம் ஆடிவிட்டுத் திரும்பிப் போகிற ஏற்பாட்டில், வந்த ஹாரி கேன். மற்றவர் ஜேமி வார்டி. 2015–16இல் இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரிமியர் லீக்கில் கேன் 25 கோல், வார்டி 24 கோல், வார்டியின் லெஸ்டர் சம்பியன். அந்த வாங்கின் படத்தை எல்லோரும் பகிர்வார்கள், அதற்கு முன்னால் நடந்ததை யாரும் பேச மாட்டார்கள். கேனை 2011இல் மூன்றாம் நிலை லீக்கில் இருந்த லெய்டன் ஓரியன்டுக்கு அனுப்பினார்கள். 18 லீக் ஆட்டங்களில் 5 கோல்தான். பிறகு மில்வோல். வார்டியோ 2012 வரை தொழில்முறை லீக்குகளுக்கு வெளியே ஆடியவர், ஆரம்ப காலத்தில் தொழிற்சாலை வேலையும் பார்த்தார். கனமான டிபென்டர்களோடு முட்டி மோதி முழு ஆட்டம் ஆடிய பழக்கம் இருவருக்கும் அதற்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு அரையிறுதியில் வாங்கில் உட்கார்ந்ததால் எதுவும் குறைந்துபோகவில்லை.

நைஜீரிய ஸ்ட்ரைக்கர் விக்டர் ஒசிமென் கதை இன்னும் தெளிவு. 2015 பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் 10 கோல் அடித்து ஜேர்மனியின் வொல்ஃப்ஸ்பேர்க்குக்குப் போனார். அங்கே லீக்கில் ஒரு கோலும் இல்லை. காயம், மலேரியா, பெல்ஜியத்தில் இரண்டு கழகங்கள் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. கடைசியில் சார்லெருவா என்ற சிறிய கழகம் கடனாக எடுத்தது. 2018–19இல் அங்கே எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல். பிறகு லீல், நாபோலி, 2022–23இல் இத்தாலிய லீக்கின் அதிக கோல்காரர். பெயர் பெரிய கழகத்தில் தேய்ந்து, ஆட்கள் அதிகம் கேள்விப்படாத கழகத்தில் மீண்டு வந்த பையன்.

கழகம் விசாரிப்பது

அழைப்பு வந்தால் சந்தோஷப்படு, உடனே ஓம் சொல்லிவிடாதே. முதலில், உன்னைக் கூப்பிட்டவர் யார் என்று பார். கோச் கூப்பிட்டாரா, நிர்வாகி கூப்பிட்டாரா? கோச் உன் ஆட்டத்தைப் பார்க்காமல் நிர்வாகி மட்டும் கூப்பிட்டிருந்தால், அணித் தெரிவு நடக்கிற அன்று உனக்காகப் பேச ஆள் இல்லை. கோச்சோடு போனில் பத்து நிமிடம் பேசு. எத்தனை முன்கள வீரரோடு ஆடுகிறார், உன்னை எங்கே வைத்துப் பார்க்கிறார் என்று நேரடியாகக் கேள். வேகமாக ஓடுகிற பையனை வலது பக்கம் தள்ளிவிடுவது நம் நாட்டில் வழக்கம். ஒரு பருவம் விங்கில் ஆடினால் நல்லது, குறுக்குப் பந்து கொடுக்கிறவனின் கஷ்டம் விளங்கும். மூன்று பருவம் ஆடினால் நீ விங்கர்தான், அப்புறம் யாரும் உன்னை நடுவில் விட மாட்டார்கள்.

அடுத்தது, ஒரு வருடத்தில் அந்தக் கழகத்துக்கு எத்தனை ஆட்டம். நம் லீக்குகள் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபா இலங்கையைத் தடை செய்து ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அந்த மாதங்களில் சர்வதேச ஆட்டம் எதுவுமே இல்லை. அதில் எந்த வீரனுக்கும் பங்கில்லை, ஆனாலும் போனது அவர்களுடைய வயது. ஆகவே லீக் தவிர எஃப்.ஏ. கிண்ணம், இரண்டாம் அணி ஆட்டங்கள், மாவட்டப் போட்டி என்று வேறு என்ன உண்டு என்று கேட்டு எழுதி வை. பெரிய அணியில் வருடம் முழுக்க வாங்கு என்றால், திருகோணமலை லீக்கில் இன்னொரு வருடம் ஏகாம்பரம் மைதானத்தில் முழு 90 நிமிடம் ஆடுவது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் மாமாமாருக்குத்தான் கோபம் வரும். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார்களாம்.

எழுவர் சுற்றுப்போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிண்ணியா, மூதூர், நிலாவெளி என்று சனி ஞாயிறில் எங்கேயாவது நடக்கும், கைச்செலவுக்குக் காசும் வரும். சின்ன மைதானத்தில் முதல் தொடுகை கூராகும் என்பதால் நான் தடுப்பதில்லை. ஆனால் ஒரே நாளில் நாலைந்து ஆட்டம், கல்லுத் தரை, பொறுப்பெடுக்க ஆளில்லாத காயம். லீக் நடக்கிற மாதத்தில் போகாதே.

கொழும்புக்குப் போவதென்றால் சிங்களத்தில் மைதானத்துச் சொற்களையாவது பழகிக்கொண்டு போ. பின்னால் டிபென்டர் வருகிறான் என்று கூட்டாளி கத்தும்போது, அது என்ன என்று யோசித்துக்கொண்டு நின்றால் பந்து போய்விடும். தமிழ்ப் பொடியன்கள் மூலையில் தனியாக உட்காருகிற உடைமாற்றும் அறையில் பாஸும் தனியாகத்தான் போகும்.

பெட்டிக்குள் என்ன செய்வது

பெட்டி என்பது கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி எல்லை. அதற்குள் செய்வதைப் பக்கம் பக்கமாக எழுதலாம். ஒன்றிரண்டை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இவற்றிலிருந்து கிளைப்பவைதான்.

எங்கள் பின்னேரப் பயிற்சியில் அடிக்கடி செய்வது இது. ஒருவன் வலது பக்கத்தால் பந்தைக் கொண்டு கோல் கோடு வரை ஓடுவான். ஸ்ட்ரைக்கர் பெனால்டி புள்ளிக்கு அருகே நிற்பான், அவனை ஒட்டி ஒரு டிபென்டர். புதிதாக வருகிற பையன் என்ன செய்வான்? பந்தைப் பார்த்தபடி நேரே கோலுக்கு ஓடுவான். டிபென்டரும் அவனோடு சேர்ந்து ஓடுவான், இருவரும் ஒன்றாகப் போய்ச் சேர்வார்கள், கீப்பர் பந்தை எடுப்பார். நான் சொல்வது: முதலில் தூரத்துக் கம்பத்தின் பக்கம், அதாவது பந்து வருகிற பக்கத்துக்கு எதிரான கோல் கம்பத்தின் பக்கம், இரண்டு அடி போ, மெதுவாக, டிபென்டரின் முதுகுப் பக்கம். அவன் உன்னையும் பந்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாத இடம் அது. உன்னைத் தேட அவன் தலையைத் திருப்புவான். பந்தைக் கொண்டு ஓடுகிறவன் குறுக்கே அடிப்பதற்கு முன் பந்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளித் தலையைக் குனிவான் பார், அதுதான் உன் மணி. அந்த நொடியில் டிபென்டருக்கு முன்னால் வெட்டி அருகுக் கம்பத்துக்கு வா. முன்னதாக வந்தால் பந்துக்காகக் காத்து நிற்பாய், அவன் வந்து மறைப்பான். பிந்தினால் பந்து உன்னைக் கடந்துவிடும். வந்து சேர்ந்தால் வேலை சுலபம், பாதத்தின் உட்பக்கத்தால் ஒரு தொடுகை, தாழ்வாக. வலையைக் கிழிக்கத் தேவையில்லை.

பந்து வராத பக்கமும் பார்க்கப் பழகு. பந்து வாங்குவதற்கு முன் தோளுக்கு மேலால் பின்னால் பார்க்கச் சொன்னால் எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். அதனால் நான் பின்னால் நின்று விரலைக் காட்டுவேன். பந்து காலுக்கு வருவதற்குள் எத்தனை விரல் என்று கத்த வேண்டும். பிழையாகச் சொன்னால் அந்தக் கோல் கணக்கில்லை. சின்னப் பொடியன்களுக்கு இது விளையாட்டு மாதிரி, இரண்டு மூன்று மாதத்தில் விரல் காட்டாமலே திரும்பிப் பார்ப்பார்கள்.

ஓஃப்சைட் கோட்டில் (கடைசி டிபென்டர்களின் வரிசை, பந்து கிளம்பும்போது அதைத் தாண்டி நின்றால் பிழை) நேராக ஓடாதே. டிபென்டர்களின் வரிசைக்குச் சமாந்தரமாக வளைந்து ஓடி, பந்து கிளம்பும்போது கோலை நோக்கித் திரும்பு. நம் லீக்கில் வீடியோ மத்தியஸ்தர் இல்லை, கோட்டில் நிற்கிற அண்ணன் கொடியை உயர்த்தினால் முடிந்தது. அரை அடி பின்னால் நின்று தொடங்குவது உனக்கு நட்டமில்லை.

நம் ஊர் மைதானத்துக்கென்றே ஒரு பாடம் உண்டு. மே தொடங்கிக் கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தரை காய்ந்து பாறையாகிவிடும். பந்து புல்லில் உருளாமல் துள்ளித் துள்ளி வரும். அதை நிறுத்தி, தயார்படுத்தி அடிக்க நினைத்தால் இரண்டாவது துள்ளலில் முழங்காலுக்கு வந்துவிடும். காலைப் பின்னால் நீளமாக வீசாமல் குறுக்கி, பந்து விழுகிற தருணத்திலேயே தொடு. காற்றோடு ஆடுகிற பாதியில் நீளப் பந்து உன்னைத் தாண்டிக் கீப்பரிடம் போகும், கொஞ்சம் முன்னதாகவே ஓட்டத்தைத் தொடங்கு. காற்றுக்கு எதிரான பாதியில் பந்து விழாமல் நிற்கும், டிபென்டரை முதுகால் தடுத்துக்கொண்டு காலுக்குக் கேட்டு வாங்கு. நாணயம் சுண்டும்போது கப்டனிடம் காற்றைப் பற்றிப் பேசியிருக்கிறாயா? பேசு.

கொப்பி

கோல் எண்ணிக்கையை எல்லோரும் மனதில் வைத்திருப்பார்கள். அது போதாது. ஒரு கொப்பி வாங்கி ஆட்டத்துக்கு ஒரு வரி எழுது: திகதி, எதிரணி, எந்த இடத்தில் ஆடினாய், எத்தனை நிமிடம், எத்தனை ஷொட், அதில் எத்தனை கோலுக்குள் போகிற மாதிரி, எத்தனை கோல், எந்தக் காலால், எங்கிருந்து. பெனால்டியைத் தனியாக எழுது. உலகத்தில் பெனால்டி நாலில் மூன்று கோலாகும். அதைச் சேர்த்துக் கணக்குக் காட்டினால் பார்க்கிறவர் சிரிப்பார்.

கோல்களை 90ஆல் பெருக்கி நிமிடங்களால் பிரி. 1,500 நிமிடத்தில் 10 கோல் என்றால், ஒரு முழு ஆட்டத்துக்கு 0.6. வாங்கிலிருந்து வந்து 400 நிமிடத்தில் 4 கோல் அடித்தவன் 0.9. கோச்சிடம் "எனக்கு இடம் தாருங்கள்" என்று கெஞ்சுவதை விட இந்த ஒரு எண் பேசும். ஷொட் கணக்கும் உதவும். பெரிய லீக்குகளிலேயே ஏறக்குறையப் பத்து ஷொட்டுக்கு ஒரு கோல்தான். ஆகவே இரண்டு ஆட்டத்தில் ஆறு ஷொட் அடித்துக் கோல் வரவில்லை என்று உடைந்துபோக ஒன்றுமில்லை. இரண்டு ஆட்டத்தில் ஒரு ஷொட்டும் இல்லை என்றால்தான் பிரச்சினை. அப்போது காலைத் திட்டாதே, ஓட்டத்தைப் பார்.

வீடியோவுக்குப் பெரிய கமெரா தேவையில்லை. உயரமான இடத்தில் போனை வைத்து முழு ஆட்டத்தையும் அகலமாக எடுக்கச் சொல்லு. பந்தின் பின்னாலேயே கமெரா ஓடினால் உன் ஓட்டம் தெரியாது, ஸ்ட்ரைக்கரின் வேலை பாதி பந்தில்லாமல்தான் நடக்கிறது. நாலு நிமிடத்துக்குள் வெட்டு. முதல் அரை நிமிடத்தில் மிகச் சிறந்ததை வை, பாட்டுப் போடாதே, ஒவ்வொரு துண்டிலும் நீ யார் என்று அம்புக்குறி போடு. பெயர், பிறந்த திகதி, உயரம், பலமான கால், யாரோடு எந்தத் திகதியில் ஆடினாய் என்பதும் வேண்டும். கடைசியில் ஒரு முழு ஆட்டத்தின் இணைப்பு. தெரிந்த கோச்மார் துண்டுகளை நம்புவதில்லை.

காசு கேட்கிறவர்கள்

வெளிநாட்டில் ட்ரயல் இருக்கிறது, விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் இவ்வளவு இலட்சம் கட்டினால் போதும் என்று ஒருவர் வட்ஸ்அப்பில் வருவார். கழகத்தின் சின்னம் போட்ட கடிதமும் அனுப்புவார். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போவது பெரும்பாலும் இங்கேதான். சில விடயங்களை நினைவில் வை. 18 வயதுக்குட்பட்டவரை நாடு விட்டு நாடு மாற்றுவதை, சில விலக்குகள் தவிர, ஃபிஃபா தடை செய்திருக்கிறது. வீரர் முகவராக வேலை செய்ய ஃபிஃபா பரீட்சை எழுதி அனுமதிப்பத்திரம் எடுத்திருக்க வேண்டும், அந்தப் பட்டியலை ஃபிஃபாவின் தளத்தில் யாரும் தேடலாம். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு ஆட முடியாது. கழகத்தின் சொந்தத் தளத்தில் உள்ள முகவரிக்கு நீயே எழுதி, இப்படி ஒரு அழைப்பு உண்மையா என்று கேள். உண்மையான கழகம் பதில் எழுதும். கேட்டதற்காக எரிந்து விழுகிற முகவரை அந்த இடத்திலேயே விடு.

உள்ளூர் ட்ரயலுக்குப் போவதென்றால் முதல் நாளே போய்ச் சேர். இரவு பஸ்ஸில் மடங்கிக் கிடந்து விடிய இறங்கி, காலை எட்டு மணிக்கு ஓடினால் உன் கால் உன்னுடையதாக இருக்காது. அங்கே உனக்குக் கிடைப்பது இருபது நிமிடம் என்று வை. தெரியாத கூட்டாளிகள், எல்லோரும் தானே பந்தைக் கொண்டு ஓடுவார்கள். நீ சத்தம் போட்டுக் கேள், ஒரு தொடுகையில் திருப்பிக் கொடு, பெட்டிக்குள் ஓடு, பந்து போனால் முதலில் நீயே துரத்து. இடம் கேட்டால் "எங்கேயும் ஆடுவேன்" என்று சொல்லாதே. "ஒன்பது" என்று சொல்லு.

கையெழுத்து

ஒரு பொடியன் தன் முதல் ஒப்பந்தத்தைப் போனில் காட்டினான். இரண்டு பக்கம். ஒரு பக்கம் முழுக்க அவன் செய்யக்கூடாதவை. சம்பளம் எழுத வேண்டிய இடத்தில் "கழகத்தின் தீர்மானப்படி" என்று இருந்தது. முடிவுத் திகதி இல்லை. தாய் கேட்டார், "தம்பி, நல்ல ஆக்கள்தானே?" நல்ல ஆக்களாகவே இருக்கட்டும் அக்கா, ஆனால் திகதி வேண்டும் என்றேன். கேட்டதும் போட்டுக் கொடுத்தார்கள். பெரும்பாலும் கேட்காததால்தான் இல்லாமல் இருக்கிறது.

பார்க்க வேண்டியவை: தொடக்கத் திகதி, முடிவுத் திகதி, மாதச் சம்பளம் எண்ணிலும் எழுத்திலும், எந்தத் திகதிக்குள் தருவார்கள், தங்குமிடமும் சாப்பாடும் யார் பொறுப்பு, காயம் வந்தால் ஸ்கேனுக்கும் சத்திரசிகிச்சைக்கும் யார் கட்டுவது, ஆட முடியாத மாதங்களில் சம்பளம் உண்டா, உயர்தரப் பரீட்சைக்கு விடுமுறை உண்டா, கடனாக வேறு கழகத்துக்குப் போக வழி உண்டா. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். இளம் ஸ்ட்ரைக்கருக்கு அதுதான் உயிர்.

ஃபிஃபா விதியில் எழுத்து ஒப்பந்தமும் செலவுக்கு மேலான கொடுப்பனவும் உள்ளவர்தான் தொழில்முறை வீரர். 18 வயதுக்குட்பட்டவரின் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு மேல் போகக்கூடாது, மற்றவர்களுக்கு ஐந்து. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நிலுவை என்றால் எழுத்தில் அறிவித்து 15 நாளாவது அவகாசம் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். சம்பளம் கைக்காசாக வந்தால் ஒவ்வொரு முறையும் கொப்பியில் எழுதி ஒரு கையெழுத்து வாங்கு, இல்லாவிட்டால் நிலுவையை நிரூபிக்க உன்னிடம் ஒன்றுமிருக்காது.

இன்னொன்று, உனக்காக அல்ல, உன்னை வளர்த்த கழகத்துக்காக. சின்ன வயதிலிருந்து எந்தப் பருவத்தில் எந்தக் கழகத்தில் பதிவாகியிருந்தாய் என்பது சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். பின்னாளில் நீ நாடு விட்டு நாடு மாறும்போது ஒரு தொகை கைமாறினால், அதில் 5 சதவீதம் 12 வயதிலிருந்து 23 வயது வரை உன்னைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரிக்கப்பட வேண்டும். பதிவு இல்லையென்றால் ஊர்க் கழகத்துக்கு ஒரு சதமும் வராது. நம் ஊரில் பதிவுப் பத்திரங்கள் செயலாளர் வீட்டு அலமாரியில் கறையான் தின்னக் கிடக்கும். ஒரு பிரதி எடுத்து வை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு மூன்றிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. இதில் ஒரு எழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் பதிவு நின்றுபோனவர்களைத் தெரியும்.

பூட்ஸும் உடம்பும்

இது என் கடைச் சரக்கு என்பதால் கொஞ்சம் கூடப் பேசுவேன். தொலைக்காட்சியில் பார்த்த பூட்ஸைத்தான் எல்லோரும் கேட்பார்கள். அதன் அடியில் எஃப்.ஜி. என்று இருக்கும், ஈரப்பதமான நல்ல புல்லுக்குச் செய்தது. ஓகஸ்டில் நம் மைதானத்தில் அந்தப் பல் தரைக்குள் இறங்காது, முழுப் பாரமும் நாலைந்து புள்ளியில் குதிகாலில் இறங்கும். குதிகால் வலி, முன்பாதத்தில் எரிவு எல்லாம் அங்கிருந்துதான். காய்ந்த மாதங்களுக்குக் கட்டைப் பல் நிறைய உள்ள ஏ.ஜி. அல்லது டி.எஃப். அடி வாங்கு, விலையும் குறைவு. மழை மாதத்துக்கு எஃப்.ஜி. போதும். இரும்புப் பல் வைத்தது வேண்டாம். ஒரு அளவு பெரிதாக வாங்கிப் பஞ்சு அடைக்கிற வேலையும் வேண்டாம், கால் உள்ளே வழுக்கினால் கணுக்கால் திரும்பும். இரண்டாம் கைப் பூட்ஸ் நல்லதுதான், வாங்கும்போது இரு கைகளாலும் அடியை வளைத்துப் பார்: விரல் மடங்குகிற இடத்தில் வளைய வேண்டும், நடுப்பாதத்தில் வளைந்தால் அது செத்த பூட்ஸ்.

ஓடத் தொடங்குவதற்கு முன் ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிடச் சூடேற்றும் பயிற்சியைச் செய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. காயத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. தொடையின் பின்தசைக்கு, முழங்காலில் நின்று கூட்டாளி கணுக்காலைப் பிடிக்க மெதுவாக முன்னால் சாய்கிற பயிற்சி அதற்குள்ளேயே இருக்கிறது. ஸ்ட்ரைக்கரை அதிகம் வீட்டில் இருத்துவது அந்தத் தசைதான். உப்புவெளிக் கடற்கரை மணலில் ஓடுவது கெண்டைக்காலுக்கு நல்லது, ஆட்டத்துக்கு முந்திய நாள் மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு முன் இடியப்பமோ சோறோ, மீன், பருப்பு. ரோல்ஸ், பற்றிஸ் ஆட்டம் முடிந்த பிறகு. நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பொடியன்கள் கடும் பயிற்சியை நோன்பு திறந்து கஞ்சி குடித்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளட்டும். பகலில் பந்துத் தொடுகை மட்டும், நிழலில். இதைப் புரிந்துகொள்ளாத கோச் இருந்தால் நோன்பு தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

படிப்பை விடாதே என்று சொல்வது மாமா வேலை, ஆனாலும் சொல்கிறேன். தேசிய மட்டத்தில் விளையாடியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் தனி வழி உண்டு, அதற்கு உயர்தரம் சித்தியடைய வேண்டும். நிறுவன அணி ஒன்றில் வேலையோடு ஆடினால் ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.), ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.) கட்டுகிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பார். ஈ.பி.எஃப்.க்கு உன்னிடம் பிடிப்பது 8 சதவீதம், அவர்கள் போட வேண்டியது 12 சதவீதம், ஈ.டி.எஃப். 3 சதவீதமும் அவர்களே போட வேண்டும்.

வாங்கில் உட்கார வைத்தால்

எல்லோருக்கும் இது வரும். இந்திய அணியின் ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரி 2010இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்கும் 2012இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் பி அணிக்கும் போனார். இரண்டு இடத்திலும் ஆடக் கிடைத்தது சொற்பம். திரும்பி வந்து ஆடினார். 2024 ஜூனில் முதல் முறை விடைபெற்றபோது இந்தியாவுக்காக 94 கோல். திரும்பி வருவது தோல்வி என்று நினைத்திருந்தால் அந்தக் கணக்கு வந்திருக்குமா?

இரண்டு மூன்று ஆட்டம் வாங்கில் இருந்தால் வாயைத் திறக்காதே, பயிற்சியில் காட்டு. ஐந்தாறு ஆட்டம் ஆகிவிட்டால் கோச்சைத் தனியாகப் பார். ஆட்டம் முடிந்த இரவு வேண்டாம், அடுத்த பயிற்சி நாளில் போ. கொப்பியைக் கொண்டுபோ. இரண்டே கேள்வி: "சேர், நான் எதைத் திருத்தினால் ஆடலாம்? எப்போது திரும்பப் பார்ப்பீர்கள்?" முகநூலில் எழுதாதே, அப்பாவைப் போன் எடுக்க விடாதே, முன்னால் நிற்கிற ஸ்ட்ரைக்கரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. அவர் சொன்னதைச் செய். சொன்ன திகதி வந்தும் ஒன்றும் மாறவில்லை என்றால் கடனாகப் போகக் கேள். அதற்கு வீரர் பதிவு எந்தத் திகதியில் மூடுகிறது என்று பருவம் தொடங்கும்போதே தெரிந்து வைத்திருக்க வேண்டும். மூடுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே, உன்னை எடுக்கத் தயாராக உள்ள கழகத்தின் பெயரோடு போய்க் கேள். "எங்கேயாவது அனுப்புங்கள்" என்றால் யாரும் அனுப்ப மாட்டார்கள். அந்தக் கழகத்தின் கோச்சிடம் முன்கூட்டியே பேசி, அங்கே இப்போது ஒன்பதில் யார் நிற்கிறார் என்றும் விசாரித்துவிட்டுப் போ. கடனாகப் போகிற ஒப்பந்தத்தில் திரும்பி வருகிற திகதி, அந்தக் காலத்துக்கு யார் சம்பளம் தருவது, காயம் பட்டால் யார் பார்ப்பது என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வை.